அத்தையின் கட்டில்

ஜூன் 30, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல வருகிறது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். வலது முழங்கையில் இரண்டு பிளேட் வைத்திருக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன்.

இந்த நோட்டு அவர் வாங்கி வந்தது. "தெனமும் கொஞ்சம் எழுது சுகுணா. பொழுது போகும். சாயங்காலம் நான் படிச்சுப் பாக்கறேன்" என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

முதல் பக்கத்தில் பெயர் எழுதச் சொன்னார். சுகுணாதேவி, உடற்கல்வி ஆசிரியை என்று எழுதினேன். பேர் மட்டும் போதுமே என்றார். பின்பாதியை அடித்துவிட்டேன்.

கோவை டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து விளக்கியது நினைவிருக்கிறது. மேல்கை எலும்பு கீழே இறங்கும்போது இரண்டு தூணாகப் பிரிந்து முழங்கை மூட்டைத் தாங்குமாம். எனக்கு இரண்டு தூணும் உடைந்து, நடுவில் மூட்டுக்குள்ளும் பிளந்திருக்கிறது. "பாத்ரூம்ல விழறவங்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுதான் போகும். இது நல்ல வேகத்துல இடிச்ச மாதிரி இருக்கு. எதுல இடிச்சீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"குழாய் மேலங்க டாக்டர்" என்றார் இவர்.

நான் தலையை ஆட்டினேன்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக் கிடக்கின்றன. நரம்பை நகர்த்தி வைத்துத் தைத்திருப்பதால் அப்படி இருக்கும், மெல்ல உணர்வு வரும் என்றார்கள்.

ஜூலை 4, வியாழன்

அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். என்னைப் பார்த்துக்கொள்ளவே லீவு போட்டிருக்கிறார். காலையில் பல் துலக்கிவிடுகிறார், குளிப்பாட்டுகிறார், ஊட்டிவிடுகிறார். "வாயத் தொற கண்ணு" என்று அவர் சொல்லும்போது அவர் வாயும் திறந்துகொள்கிறது.

என்னை அத்தையின் அறைக்கு மாற்றிவிட்டார். அவருடைய அம்மா, அத்தை நாச்சம்மாள், போன தை மாதம்தான் இறந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆறு வருடம் இந்தக் கட்டிலில் கிடந்தார். தலைப்பக்கம் உயர்த்தும் இரும்புக் கட்டில். "உனக்கும் இதுதான் சௌகரியம்" என்றார். அத்தையை அவர் பார்த்துக்கொண்டதைப் போல எந்தப் பெண்ணும் தன் தாயைப் பார்த்திருக்க மாட்டாள். ஊரே சொல்லும்.

பால்காரர் மனைவி எட்டிப் பார்த்து, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 8, திங்கள்

தையல் பிரித்தார்கள். முழங்கையின் பின்பக்கம் ஒரு நீளமான தழும்பு, பூரான் ஏறிப் போவது போல.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "நாளையில இருந்து மடக்கி நீட்டணும். வலிக்கும். வலிச்சாலும் செய்யணும். பெரியவங்களுக்கு இந்த எலும்பு கூடறது கூடப் பெரிசில்ல, மூட்டு இறுகிடக் கூடாது. ஸ்லிங்லயே போட்டு வெச்சிருந்தீங்கன்னா கை அப்படியே நின்னுடும்." கழுத்திலிருந்து கையைத் தாங்கும் அந்தப் பையை வெளியில் போகும்போது மட்டும் மாட்டினால் போதுமாம்.

வரும் வழியில் காரிலேயே அவர் ஸ்லிங்கை இழுத்து இறுக்கிவிட்டார்.

ஜூலை 10, புதன்

பிசியோதெரபி செய்ய ரெஹானா என்ற பெண் வந்தாள். உடுமலையில் வீடு வீடாகப் போய்ச் செய்பவள். அறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

முழங்கைக்குக் கீழே ஒரு கையும் மணிக்கட்டில் ஒரு கையும் கொடுத்து மெல்ல நீட்டினாள். நான் பிள்ளைகளுக்குத் தசைப்பிடிப்பு எடுத்துவிட்டவள்தான். வலிக்கும் காயத்துக்கும் வித்தியாசம் தெரியும். இது வெறும் வலி. ஆனாலும் கத்திவிட்டேன்.

அவர் வந்து ரெஹானாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "போதுமுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ரெஹானாவின் கை வெளுத்துப் போகும் வரை விடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நேற்று எழுதியதில் ஒரு வரியை அடிக்கச் சொன்னார். நான் அழுததைப் பற்றியது. "நாளைக்கு யாராச்சும் படிச்சா என்ன நெனைப்பாங்க?" அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டோம்.

படித்து முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் ஒரு டிக் போடுகிறார்.

ரெஹானா இனி வர மாட்டாள். "எலும்பு கூடறதுக்கு முன்னாடி ஆட்டி ஆட்டி பிளேட்டக் கழட்டிருவா. அதுக்கு நான் உட மாட்டேன்" என்றார்.

ஜூலை 15, திங்கள்

இன்று என் முடியை வெட்டினார். ஒற்றைக் கையால் பின்ன முடியாது, அவருக்கும் பின்ன வராது. "கஷ்டப்படாம இருக்கும் கண்ணு." நல்ல கத்தரிக்கோல். பின்கழுத்தில் அது குளிர்ந்தது. அத்தைக்கு வெட்டி வெட்டிப் பழகிய கை, நடுங்கவே இல்லை.

என் சுடிதார்களில் கை நுழையவில்லை. அத்தையின் நைட்டி பெரிதாக இருக்கிறது. அதைப் போட்டுவிட்டார்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. காற்று.

ஜூலை 20, சனி

எங்கள் வீடு ஊருக்கு வெளியே சைட் போட்ட இடத்தில் இருக்கிறது. பக்கத்து மனையில் அஸ்திவாரம் மட்டும் நிற்கிறது, அதற்கப்புறம் கல் நட்ட வெறும் நிலம். மேற்கே காற்றாலைகள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக எங்கள் வாசல் கதவில்தான் மோதும். கதவு நாள் முழுவதும் மூச்சு விடுகிறது.

மதியம் அமுதவல்லி டீச்சர் வந்திருந்தார். என் பள்ளியில் தமிழ் எடுப்பவர். குரல் கேட்டது. "தூங்கறாளுங்க டீச்சர். மருந்து அப்படி" என்று இவர் சொன்னதும் கேட்டது. "போன் பண்ணா எடுக்கறதே இல்லியேங்க" என்றார் டீச்சர். "ரிப்பேருக்குக் குடுத்திருக்குதுங்க."

நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிடவில்லை.

டீச்சர் ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்திருந்தார். இவர் உரித்து, கொட்டை எடுத்து, தோல் நீக்கி, ஒவ்வொரு சுளையாக வாயில் வைத்தார்.

ஜூலை 24, புதன்

அத்தையின் வெண்கல மணியைத் தலைமாட்டில் கட்டியிருக்கிறார். வேண்டுமென்றால் இழுக்க வேண்டும். நான் இழுப்பதில்லை. எனக்குக் கால் இருக்கிறது.

இன்று பகலில் கண்ணயர்ந்திருந்தபோது மணி அடித்தது. ஜன்னல் காற்றாகத்தான் இருக்க வேண்டும். அவர் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "இதோ வந்துட்டேம்மா, இதோ வந்துட்டேன்." கையில் படுக்கையில் வைக்கும் பேசின்.

"நான் நடந்து போவேனுங்க" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். ரொம்பப் பிரியமான சிரிப்பு.

"அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

ஜூலை 29, திங்கள்

கோவைக்குப் போக வேண்டிய நாள். காற்றில் பயணம் வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டார். 

கை தட்டு ஏந்துவது போல மடங்கி நிற்கிறது. ஸ்லிங்கைக் கழற்றினாலும் அப்படியேதான் நிற்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லீவை நீட்டி எழுதிக் கொடுக்க அவர் சங்கத்துக்குப் போனார். பாதுகாப்புக்காக வெளியே பூட்டிக்கொண்டு போனார். யாரும் வரவில்லை. காற்று மட்டும்தான். சாயங்காலம் ஜிலேபி வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தூரத்தில் எங்கோ ஒலிபெருக்கி. கொடியேற்றம். ஒவ்வொரு வருடமும் அணிவகுப்பை நான்தான் நடத்துவேன். 

"அதெல்லாம் இனி வேற யாராச்சும் பாத்துக்குவாங்க" என்றார் அவர். "விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்தர்லாம். கையெழுத்து வரலீன்னா கைநாட்டு வெச்சாப் போதுமாம், விசாரிச்சுட்டேன்."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கடைக்குப் போய்விட்டு வந்து ஒரு பெரிய பாக்கெட்டை பீரோ மேல் வைத்தார். பெரியவர்களுக்கான டயாபர். அத்தைக்கு வாங்கும் அதே கம்பெனி. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு அவர் முகம் ரொம்பத் தெளிவாக இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அமுதவல்லி டீச்சர் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி இதை யாரும் படித்து டிக் போடப் போவதில்லை. அப்படியும் ஒவ்வொரு வரி முடிந்ததும் பேனா நின்றுவிடுகிறது. சரியாக எழுதியிருக்கிறேனா என்று திரும்பப் பார்க்கிறேன்.

நான் குளியலறையில் விழவில்லை.

ஜூன் 22 காலை, மண்டல எறிபந்து அணியோடு தஞ்சாவூர் முகாமுக்குக் கிளம்பினேன். மூன்று நாள் பயணம். அத்தை போன பிறகு நான் வெளியூர் போவது அதுதான் முதல் முறை. பையை மாட்டிக்கொண்டு வாசல்படியில் கால் வைத்தேன். "போகாதே" என்றார். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்றேன். மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். நான் திமிறினேன். என் முழங்கை மடங்கியிருந்த நிலையில் முழு வேகத்தோடு நிலைக்கல்லின் விளிம்பில் போய் மோதியது. சத்தம் எனக்குக் கேட்டது. பச்சை மூங்கிலை உடைத்தது போல.

அவர் அதற்கு முன் என்னை அடித்ததே இல்லை. அதனால்தான் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த நிமிடமே தரையில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அழுதார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அழுகை அல்ல. என் கையை ஒரு துண்டில் சுற்றியபோது அவர் முகத்தில் வந்த அமைதி. அத்தை செத்த நாளிலிருந்து அந்த முகம் அலைந்துகொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் அடங்கியது.

ஆகஸ்ட் 6 அன்று யாரும் வரவில்லை என்று எழுதினேன். ரெஹானா வந்தாள்.

வேறொரு வீட்டுக்குப் போகும் வழியில் வெளிப்பூட்டைப் பார்த்திருக்கிறாள். பக்கவாட்டு ஜன்னலுக்கு வந்து கம்பியைத் தட்டினாள். என் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையக் காட்டுங்க டீச்சர்."

கம்பிக்குள் கையை விட்டு முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "இறுகிட்டு வருது. இன்னும் கொஞ்ச நாள் உட்டீங்கன்னா இப்படியே நின்னுக்கும்."

"ஆட்டுனா பிளேட் கழண்டுக்கும்னு அவரு சொன்னாருங்களே."

"நாச்சம்மா பாட்டிக்கும் இதையேதான் சொன்னாருங்க."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "அவங்களுக்கு இடுப்பு ஆபரேசன் முடிஞ்சப்ப நான்தான் வந்தேன். நீங்க ஸ்கூலுக்குப் போயிருப்பீங்க. வாக்கரப் புடிச்சுட்டு கூடம் பூரா நடந்தாங்க. அடுத்த வாரம் வந்தா, அம்மாவுக்கு வலி தாங்கல, வர வேண்டாம்னுட்டாரு."

"அத்தையால நடக்கவே முடியாதுங்க. டாக்டர் சொன்னதா அவருதான்…"

"நடந்தாங்க டீச்சர். நான் பாத்தேன்."

ஆறு வருடம். நான் காலை ஏழு மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருவேன். அத்தை படுத்திருப்பார். கதவோரம் நின்று சாப்பிட்டீங்களா அத்தை என்று கேட்பேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார், மகனைப் பார்ப்பார். மகன் தலையை ஆட்டினால், சாப்பிட்டேன் என்பார்.

ரெஹானா, "யாருகிட்டயாவது சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள்.

"அவரு நல்லவருங்க" என்று என் வாய் சொன்னது. 

அவள் வற்புறுத்தவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளும் பயிற்சியைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று செய்து காட்டினாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு மாதவிலக்கு என்று சொல்லிக் குளியலறைக்குத் தனியே போனேன். அது ஒன்றுக்குத்தான் அவர் கதவுக்கு வெளியே நிற்பார். முடிந்த பிறகும் முடியவில்லை என்றேன். குழாயைத் திறந்துவிட்டு, டைல்ஸில் சோப்பைத் தடவி, கையை அதன்மேல் வழுக்கவிட்டு மேலே தள்ளினேன். துண்டைக் கடித்துக்கொள்வேன். முழங்கைக்குள் நூல் நூலாக எதுவோ பிய்ந்தது. "என்ன கண்ணு இவ்வளவு நேரம்" என்று வெளியிலிருந்து கேட்பார்.

அந்த டயாபர் பாக்கெட்டைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. அவர் இரவு முழுவதும் அறை வாசலில் பாய் போட்டுக் கிடந்தார். அத்தை இருந்தபோதும் அங்கேதான் படுப்பார்.

நேற்று மதியம் எனக்கு ஊட்டுவதற்கு முன் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார். மிக்ஸி ஓடியது. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அவர் வீட்டில் இருக்கும்போது பூட்டு கிடையாது, தாழ்ப்பாள் மட்டும்தான். ஆனால் ஆடி முடிந்த பிறகும் காற்று கதவை வெளியிலிருந்து உள்ளே அழுத்திக்கொண்டிருந்தது. கதவை ஒரு கையால் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்தால்தான் தாழ் நகரும். இடது கையால் தாழை இழுத்தேன். அசையவில்லை. 

வலது உள்ளங்கையைக் கதவில் வைத்துத் தள்ளினேன். முழங்கை நீள மறுத்தது. உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தேன். உள்ளே ஏதோ அறுபட்டது, கண் இருண்டது, கை ஒரு விரற்கடை நீண்டது. தாழ் வந்துவிட்டது.

நோட்டை மட்டும் ஸ்லிங்குக்குள் செருகிக்கொண்டேன். இதை அவரிடம் விட்டுவரக் கூடாது என்று தோன்றியது.

கல் நட்ட மனைகளின் ஊடே நடந்தேன். வெறுங்கால். அத்தையின் நைட்டி கப்பல் பாய் மாதிரி விரிந்து என்னைப் பின்னால் இழுத்தது. பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் கேட்டருகே நின்றிருந்தார். துரத்தவில்லை. கூப்பிடவில்லை. ஒரு கையில் சாதத் தட்டு, இன்னொரு கையில் பிசைந்த உருண்டை. நான் பார்ப்பதைக் கண்டதும் அந்த உருண்டையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். நான் இரண்டடி அவர் பக்கம் திரும்பி நடந்துவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டடி நடந்த பிறகுதான் என் கால் நின்றது.

தாராபுரம் ரோட்டில் மினிபஸ் வந்தது. கை காட்டினேன். கண்டக்டர் இறங்கி என் முழங்கையைத் தொடாமல் தோளைப் பிடித்து ஏற்றினார்.

"பாத்து ஏறுங்க பாட்டி" என்றார்.

எனக்கு முப்பத்தொன்பது வயது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டீச்சரும் ரெஹானாவும் கோவைக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் புதிய எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. பிளேட் எங்கும் கழன்றுவிடவில்லை. ஆனால் மூட்டு முழுதாக நீளாது என்றார். தினமும் பயிற்சி செய்தால் இப்போதைவிடத் தேறும், கடைசியில் ஒரு வளைவு நிற்கத்தான் செய்யும்.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று தாளில் பார்வையை வைத்துக்கொண்டு சொன்னார். பிறகு நிமிர்ந்து, "எதுல இடிச்சீங்க?" என்று மறுபடி கேட்டார்.

இந்த முறை சொன்னேன்.

அவர் பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டார். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம் என்றும் தான் சான்று தருவதாகவும் சொன்னார். எழுதித் தருகிறேன் என்றேன். இன்னும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

டீச்சர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறேன். "என்னாச்சுங்க, சாப்பிடுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பது நினைவுக்கு வருகிறது. இன்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேனாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்று பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் என் தலைமுடியைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வரிசையில் நின்றார்கள். விசிலை இடது கையால் பிடித்து ஊதினேன்.

மதியம் அவர் வந்தார். டிபன் கேரியரோடு கேட்டுக்கு வெளியே, வெள்ளைச் சட்டையில், தலை படிய வாரி. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பருப்புச் சாதம், நன்றாகக் கடைந்தது. இன்றும் வந்தார். 

"இத்தன பிரியமான மனுசன உட்டுப்போட்டு எதுக்குங்க அமுதவல்லி டீச்சர் வீட்டுல இருக்கறீங்க?" என்று பள்ளி அலுவலக எழுத்தர் கேட்டார். 

செப்டம்பர் 5, வியாழன்

இன்று அவரைத் தலைமை ஆசிரியை தன் அறைக்குள் அழைத்து உட்காரவைத்துவிட்டு எனக்கும் ஆள் அனுப்பினார். சமாதானம் செய்துவைக்கும் எண்ணம்.

அவர் என் கையைத்தான் பார்த்தார். "எளச்சுப் போச்சு. யாரும் சரியாப் பாக்கறதில்ல" என்றார். பிறகு, "வா கண்ணு. ரூம் அப்படியேதான் இருக்குது. துணியெல்லாம் மாத்தி விரிச்சிருக்கறேன்."

"இந்தக் கைய ஒடைச்சதே இவருதாங்க மேடம்" என்றேன். என் குரல் மைதானத்தில் கேட்பது போலப் பெரிதாக வந்துவிட்டது. வெளியே தட்டச்சு நின்றது. "ஒடைச்சதுக்கப்புறம் அது சரியாகவே கூடாதுன்னு பாத்துக்கிட்டாரு. இனிமே இவர உள்ள உட வேண்டாமுங்க."

அவர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கேரியரை மேசைமேல் வைத்தார். "ஆறறதுக்குள்ள சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தலைமை ஆசிரியை வெகுநேரம் அந்தக் கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தார். 

செப்டம்பர் 11, புதன்

திங்கட்கிழமை முதல் அவர் வரவில்லை. மைதானத்தில் நிற்கும்போது கழுத்துக்குப் பின்னால் இருந்த கனம் இறங்கியது. ரெஹானா பிடித்து நீட்டும்போது இன்று நான் கத்தவில்லை. சுண்டு விரலில் எறும்பு ஊர்வது போல உணர்வு வந்திருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

அவர் ஏன் வரவில்லை என்று தெரிந்தது.

காலையில் டீச்சர் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் விசாரித்தாராம்: "ஈஸ்வரமூர்த்தி சாரோட சித்தி வந்திருக்காங்க போல. பாவம், கால்ல அடியாம். நேத்து வந்து பெரிய பாக்கெட் ரெண்டு வாங்கிட்டுப் போனாரு."

அவருக்குச் சித்தி என்றால் மயிலாத்தாள். அத்தையின் தங்கை, எனக்குச் சின்னத்தை. பல்லடத்தில் தனியாக இருப்பவள். பிள்ளை கிடையாது. பொங்கலுக்கு வந்தபோது வெயிலில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பெண்மணி.

மேடத்திடம் சொல்லிவிட்டு, ரெஹானாவுக்குப் போன் செய்தேன். மூன்று பேரும் போனோம். டீச்சர் தன் வண்டியில், நான் ரெஹானாவின் பின்னால். அவர் என்ன செய்வார் என்று ரெஹானா கேட்டாள். தெரியாது என்றேன். அந்த வீட்டுக்குள் போனால் நான் என்ன செய்வேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கதவைத் தட்டினேன். திறந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "சாப்பிட்டயா?" என்றார். என் வயிறு உடனே பசித்தது. சத்தியமாகப் பசித்தது.

அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது. சின்னத்தை சாய்ந்து கிடந்தாள். முடி புதிதாக வெட்டியிருந்தது, காதோரம் தோல் வெளுத்துத் தெரிந்தது. வலது கணுக்காலில் பெரிய கட்டு. 

"சின்னத்தே, எப்படி விழுந்தீங்க?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவில் நின்ற அவரைப் பார்த்தாள். "படியில சறுக்கிப் போச்சு சாமி" என்றாள்.

ரெஹானா கட்டிலின் அருகே மண்டியிட்டுக் கட்டைப் பிரித்தாள். கணுக்காலை அழுத்தினாள், திருப்பினாள். "எலும்பு ஒண்ணும் ஆகலீங்க பாட்டி. சுளுக்குதான். ஊனி நடக்கலாம்."

"நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"விழுந்துருவாங்க" என்றார் அவர். குரல் முதல்முறையாக நடுங்கியது. "விழுந்தா அப்பறம் யாரு பாக்கறது? நீங்க பாப்பீங்களா? ஒரு நாள் பாப்பீங்க. அதுக்கப்புறம்?"

நான் கட்டிலுக்குப் போய் வலது பக்கத்தைக் கொடுத்து நின்றேன். என் கை வழக்கம்போல மடங்கித்தான் நின்றது. அதை நீட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"கைய இதுக்குள்ள உட்டுப் புடிச்சுக்குங்க சின்னத்தே."

மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு அந்த வளைவுக்குள் கையை நுழைத்தாள். பாரம் முழுவதும் என் முழங்கைமேல் இறங்கியது. வலித்தது. தாங்கியது. எழுந்து நின்றாள். ஒரு காலை ஊன்றினாள், அடுத்ததையும் ஊன்றினாள்.

அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"நகருங்க" என்றேன்.

டீச்சர் எனக்குப் பின்னால் போனைக் காதில் வைத்து, வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போலீசிடம் பேசுகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஈஸ்வரமூர்த்தி என் முகத்தைப் பார்த்தார், சித்தியின் காலைப் பார்த்தார். தரையில் நடக்கும் அந்தக் காலைப் பார்க்கச் சகிக்காதவர் போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த இடைவெளியில் நாங்கள் வெளியே வந்தோம்.

வெயில் அசையாமல் கிடந்தது. சின்னத்தை கேட்டருகே வந்ததும் நின்று, வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாவம், அவனுக்கு ஆருமில்ல" என்றாள்.

அப்படிச் சொல்லும்போது அவள் உடம்பு லேசாக வீட்டுப் பக்கம் சாய்ந்ததை என் கை உணர்ந்தது. எனக்கு அந்தச் சாய்வு தெரியும். முழங்கையை இன்னும் கொஞ்சம் மடக்கி, அவள் கையை இறுக்கிக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்தேன்.